புதுப் பச்சையரிசியில் ஒரு நோன்புக் கஞ்சி

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம், இருபதாவது நோன்பு கழிந்த அடுத்த நாள். தம்பி ஒரு மூடை நெல்லைக் கொண்டுவந்து எங்கள் விறாந்தையில் இறக்கினான். சவளக்கடையில் குத்தகைக்கு எடுத்த இரண்டு ஏக்கரில் விளைந்த நெல். உம்மா அதில் கொஞ்சத்தை அள்ளிக் காயவைத்து, "அவிக்க வேணாம், பச்சையாக் குத்தி எடுத்து வா" என்று மில்லுக்கு அனுப்பினார். இரண்டு நாள் கழித்து அஸருக்குப் பிறகு அந்த அரிசியில்தான் நோன்புக் கஞ்சி காய்ச்சினோம்.

கஞ்சி கொதித்த வாசத்துக்கு உம்மா அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டார். "முப்பத்திமூணு வருஷம்" என்றார்.

சகோதரிகளே, நமது மாதங்கள் பிறையைப் பார்த்து நடப்பவை. வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் வந்து, ஏறத்தாழ 33 வருடத்தில் நோன்பு எல்லாக் காலத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். வயலோ மழையைப் பார்த்து நடப்பது. ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தால் மாசி, பங்குனியில் பெரும்போக வெட்டு. இந்த இரண்டு கணக்கும் ஒரு பானையில் சேர்வது சில வருடங்களில் மட்டும்தான். அந்த வருடங்களிலும் நினைத்தபடி நடப்பதில்லை. 2022 நோன்புக்கு முந்திய போகம் இரசாயன உரம் இல்லாமல் விளைச்சல் விழுந்த போகம். 2024 ஜனவரியில் வெள்ளம். அதே வருடம் நவம்பர் வெள்ளத்தில் விதைத்த நெல் அழுகிப்போக, தம்பி கடன் வாங்கி மறுபடியும் விதைத்தான். மூன்றரை மாத நெல்லான ஏ.ரி. 362. அதனால்தான் எங்கள் வீட்டு வெட்டு நோன்பின் கடைசிப் பத்துக்குத் தள்ளிப்போனது.

உம்மா சொன்ன முப்பத்திமூன்று வருடத்துக்கு முந்திய நோன்பு 1992 மார்ச்சில் வந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எங்களுக்குச் சொந்த வயல் இருக்கவில்லை. மூத்தம்மா கதிர் பொறுக்கப் போவார். அரிவாளால் வெட்டி, கட்டுக் கட்டிச் சூடு வைத்த காலம் அது. வெட்டின இடத்தில் உதிர்ந்து கிடக்கும் கதிர் ஏழைப் பெண்களுக்குரியது என்பது எழுதாத வழக்கம். போடியார்மார் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அன்னமலையைச் சேர்ந்த ஒரு தமிழ் அக்காவும் மூத்தம்மாவும் ஒரே வட்டையில், பக்கத்துப் பக்கத்தில் குனிந்து பொறுக்குவார்களாம். அவவை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன்.

1990ஆம் ஆண்டு நடந்தவைக்குப் பிறகு அந்த வட்டைக்குப் போக எங்கள் ஆட்கள் பயந்தார்கள். தமிழ் ஊர்களிலும் எத்தனையோ குடும்பங்கள் வீடு வாசலை விட்டுப் போயிருந்தன. நாங்கள் கல்முனையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருந்தோம். அறுவடைக் காலத்தில் வந்த நோன்புக்கு நிவாரண அரிசியில் கஞ்சி. அந்த அரிசியில் ஒரு சாக்கு வாடை. அதை அமுக்க உம்மா வெந்தயத்தையும் உள்ளியையும் இரட்டிப்பாகப் போடுவார். இன்றைக்கும் கஞ்சியில் வெந்தயம் கூடினால் எனக்கு அந்த வீட்டுக் கோடிதான் கண்ணுக்குள் வரும்.

ஒரு நாள் பின்னேரம், கிட்டங்கிப் பக்கமிருந்து சைக்கிளில் வந்த மீன்காரர் ஒரு துணிப்பையைத் தந்துவிட்டுப் போனார். உள்ளே இரண்டு சுண்டு புதுப் பச்சையரிசி. மூத்தம்மாவின் பக்கத்தில் கிடந்த கதிரைத் தானே பொறுக்கிக் குத்தி அனுப்பியதாகப் பெரியம்மா சொல்லி விட்டிருந்தா. அந்த இரண்டு சுண்டையும் உம்மா ஒரே நாளில் காய்ச்சவில்லை. பழைய அரிசியோடு பிடி பிடியாகக் கலந்து நோன்பு முடியும் வரைக்கும் இழுத்தார்.

புதுப் பச்சையரிசிக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும், சீக்கிரம் குழையும், பசை இறங்கிக் கஞ்சி தானாகத் தடிக்கும். புரியாணிக்கு அது ஆகாது, சோறு ஒட்டிக்கொள்ளும். கஞ்சிக்கு அதைவிட வேறில்லை. ஒரு சுண்டு அரிசிக்கு வழமையாக எட்டுச் சுண்டு தண்ணீர் வைத்தால் இதற்கு ஏழு போதும். இஞ்சி, உள்ளி, சின்ன வெங்காயம், ரம்பை, கறுவாப்பட்டை, இரண்டு ஏலம், அரைத் தேக்கரண்டி வெந்தயம், கால் கிலோ கொத்திய இறைச்சி. இரண்டாம் பாலில் அரிசியும் இறைச்சியும் நன்றாக வெந்து மசிந்த பிறகு முதற்பாலை விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்க வேண்டும். கூட நேரம் கொதித்தால் பால் திரிந்துவிடும். ஏ.ரி. 362 சிவப்பு நெல் என்பதால் எங்கள் கஞ்சி அன்று இளஞ்சிவப்பாக இருந்தது. வெள்ளைக் கஞ்சிக்குப் பழகிய பிள்ளைகள் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு சட்டி வழித்தார்கள்.

காலத்தோடு சாப்பிடுவது எங்கள் ஊரில் கஞ்சியோடு நிற்பதில்லை. மார்கழியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து கல்முனைப் பாதை அடைபட்டால் கடல் மீன் வராது. வயலுக்குள் ஏறி வரும் விராலும் சுங்கானும்தான் கறி. மிளகு தட்டிப் போட்ட விரால் புளியாணத்துக்கு வெள்ளத்தையே மன்னித்து விடலாம் என்று வாப்பா சொல்வார். (வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்.) மழை விட்டால் வரம்பெல்லாம் வல்லாரை, பொன்னாங்காணி. பங்குனிக்குப் பிறகு கடல் அடங்கி, கரைவலைக்குக் கீரிமீன் படும். வெயில் ஏறினால் வெள்ளரிப்பழமும் மரமுந்திரிகையும்.

அந்தப் பெருநாளுக்கு, மார்ச் 31ஆம் திகதிக்கு, அதே அரிசியை இடித்துத் தொதல் கிண்டினோம். மாவும் தேங்காய்ப்பாலும் சக்கரையும் தாச்சியில் எண்ணெய் கக்கும் வரை மூன்று மணித்தியாலம். இப்போது அநேகர் கடையில் வாங்குகிறார்கள். குறை சொல்ல மாட்டேன், கை வலிக்கிற வேலை அது.

ஆனால் ஒன்று. தம்பியின் வயலை வெட்டியது மெசின். காலையில் இறங்கி, வெட்டி, அடித்து, மூடைக்கு நெல்லைத் தந்துவிட்டு மத்தியானத்துக்கு முன் போய்விட்டது. அதன் பின்னால் பொறுக்கக் கதிர் இல்லை. சிந்துவது தனி நெல்மணிதான். மெசினால் தம்பிக்கு மழைக்கு முன் நெல் கைக்கு வந்தது, அது இலாபம். மூத்தம்மாவைப் போன்ற ஒரு கைம்பெண்ணுக்கு இன்றைக்கு அந்த வயலில் ஒரு பிடியும் இல்லை. உம்மா அதைக் கணக்கில் எடுத்து, மூடையில் ஒரு பங்கை முதலிலேயே பிரித்து, ஒழுங்கையில் இரண்டு வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினார்.

கஞ்சி காய்ச்சிய அன்று இன்னொரு சின்னப் பானையும் அடுப்பில் இருந்தது. இறைச்சி போடாதது. பெரியம்மாவுக்கு எண்பதை நெருங்குகிறது, மாட்டிறைச்சி சாப்பிடாதவ. தம்பியின் மோட்டார் சைக்கிளில் உம்மாவே தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அன்னமலைக்குப் போனார். நோன்பு திறக்கிற நேரத்துக்குள் வந்துவிடுங்கள் என்று சொல்லியனுப்பினேன். வரவில்லை. மஃரிபுக்குப் பெரியம்மா கொடுத்த தண்ணீரால் அங்கேயே நோன்பு திறந்திருக்கிறார்.

"என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"உப்புக் குறைவாம்" என்றார் உம்மா.

தூக்குச்சட்டி வெறுமையாக வரவில்லை. உள்ளே முருங்கையிலை நிறைந்திருந்தது. ஸஹருக்கு அதைத்தான் சுண்டினோம்.

நோன்பு இனி மாரியை நோக்கிப் போகிறது. 2030இல் ஜனவரியில் ஒரு தடவையும் டிசம்பர் கடைசியில் இன்னொரு தடவையுமாக ஒரே வருடத்தில் இரண்டு முறை தொடங்கும். உம்மா இப்போதே கவலைப்படுகிறார். அந்த நேரம் வயலில் நெல் பச்சைப் பயிராக நிற்கும். புதிதாகக் குத்த ஒன்றும் இராது. தாம்போதிக்கு மேலால் தண்ணீர் போகும். விரால் மட்டும் தாராளமாகக் கிடைக்கும். விராலில் கஞ்சி காய்ச்சினால் எப்படி இருக்கும் என்று ஒரு நாள் பார்க்க வேண்டும் என்கிறார்.