ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள்: விலை ஒண்ணு, செலவு வேற! வாங்குறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



"சைக்கிளுக்கு ஒன்றரை லட்சமா? அந்தக் காசுக்கு நல்ல பைக்கே வாங்கிடலாமே!" வீட்டுல இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். நியாயமான கேள்விதான். கோபப்படாம, கணக்கோட பதில் சொல்லத் தெரிஞ்சா வாங்குங்க. சொல்ல முடியலன்னா கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்க.

ஃபுல் சஸ்பென்ஷன்ல நீங்க கூடுதலா கொடுக்குற காசு பெரும்பாலும் ரெண்டு விஷயத்துக்குத்தான் போகுது. ஒண்ணு, பின் பக்கம் இருக்குற ஷாக். இன்னொண்ணு, அது மேலும் கீழும் அசையறதுக்கு ஏத்த மாதிரி செஞ்ச ஃபிரேம். அந்த ஷாக்கை உங்க உடம்பு எடைக்கு ஏத்த மாதிரி செட் பண்ணலன்னா, காசு கொடுத்து வாங்கின பொருள் வேலை செய்யாம சும்மா கிடக்குதுன்னு அர்த்தம்.

முதல் கேள்வி: உங்களுக்கு இது தேவையா?

நீங்க ஓட்டுறது ஈசிஆர் மாதிரி தார் ரோடா, இல்ல ஊருக்கு வெளிய இருக்குற மண் பாதையா? அப்போ பின் ஷாக்கே வேண்டாம். முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் இருக்குற ஹார்ட்டெயில் போதும். எடை குறைவு, பராமரிப்பு குறைவு, விலையும் குறைவு. கல்லும் வேரும் நிறைஞ்ச மலைப்பாதையில அடிக்கடி இறங்குறவங்களுக்குத்தான் ஃபுல் சஸ்பென்ஷன் உண்மையிலேயே உதவும்.

இன்னொரு முக்கியமான விஷயம். கடையில 12,000, 15,000 ரூபாய்க்கு "டபுள் ஷாக்கர்"னு ஒரு சைக்கிள் நிக்கும். பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். ஆனா பின்னாடி இருக்குறது வெறும் ஸ்பிரிங். அமுங்கின ஸ்பிரிங் திரும்பி வர்ற வேகத்தைக் கட்டுப்படுத்துற டேம்பிங் பெரும்பாலும் இருக்காது. அதனால பள்ளத்துல விழுந்து எழும்போது உங்களைத் தூக்கிப் போடும். எடையும் ஜாஸ்தி. மிதிக்கிற பலத்துல பாதி ஸ்பிரிங்கை அமுக்குறதுலயே போன மாதிரி இருக்கும். அந்த பட்ஜெட்ல சஸ்பென்ஷனே இல்லாத ஒரு நல்ல சைக்கிள் வாங்குறது எவ்வளவோ மேல்.

விலை வேற, செலவு வேற

மலைப்பாதைக்கு ஏத்த ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள் இந்தியாவுல லட்சத்துக்கு மேலதான். இறக்குமதி சைக்கிளுக்கான சுங்க வரியை 2023 பட்ஜெட்ல 30 சதவீதத்துல இருந்து 35 சதவீதமா ஏத்தினாங்க. வெளிநாட்டு இணையதளத்துல பார்க்குற விலையும் இங்க சொல்ற விலையும் ஒத்துப் போகாததுக்கு இதுவும் ஒரு காரணம்.

உங்க கையில 2 லட்சம் இருக்குன்னு வெச்சுக்குவோம். அதுல 2 லட்ச ரூபாய்க்கு சைக்கிள் வாங்கக் கூடாது. உதாரணத்துக்கு இப்படிப் பிரிங்க:

- சைக்கிள்: 1,50,000
- ஹெல்மெட், முட்டி பேடு, கையுறை: 15,000
- ஷாக் பம்ப், டார்க் ரென்ச், செயின் செக்கர்: 10,000
- பெடல், ட்யூப்லெஸ் மாத்துற செலவு: 8,000
- முதல் வருஷ சர்வீஸ், உதிரி பாகம்: 17,000

பெடலுக்கு ஏன் தனி காசுன்னு கேக்குறீங்களா? இந்த வகை சைக்கிள்கள் நிறைய பெடல் இல்லாமத்தான் வரும். பில் போடும்போதுதான் பலருக்கு இது தெரியவே வரும்.

இஎம்ஐயா, சேமிப்பா?

2 லட்சத்தை 15% வட்டியில 24 மாச பர்சனல் லோனா எடுத்தா, மாசம் சுமார் 9,700 ரூபாய் கட்டணும். மொத்தம் ஏறக்குறைய 2,32,700. அதே 24 மாசம், மாசம் 8,000 ரூபாய் 6.5% வட்டியில ஆர்டி போட்டா, உங்க கையில இருந்து போறது 1,92,000தான். முடிவுல கிடைக்கிறது சுமார் 2,05,000. ரெண்டுக்கும் நடுவுல உங்க பாக்கெட்ல இருந்து போற காசுல 40,000 ரூபாய் வித்தியாசம். மேல சொன்ன ஹெல்மெட், பேடு, டூல்ஸ், பெடல் எல்லாம் அதுலயே வாங்கிடலாம்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்க. 4 வருஷம் கழிச்சு 60,000 ரூபாய்க்கு வித்தா, நிகரச் செலவு 1,40,000. அடுத்த 3 வருஷ பராமரிப்புக்கு 45,000 சேர்த்தா 1,85,000. வருஷத்துக்கு 50 தடவை ஓட்டினா ஒரு ரைடுக்கு 925 ரூபாய். மாசம் ஒரு தடவை மட்டும் ஓட்டினா, பராமரிப்பு குறைஞ்சாலும் ஒரு ரைடு 3,000 ரூபாயைத் தாண்டிடும். அப்படின்னா மலைக்குப் போற இடத்துல வாடகைக்கு எடுக்குறதுதான் புத்திசாலித்தனம்.

செகண்ட் ஹேண்ட் வாங்குறீங்களா?

தாராளமா வாங்கலாம். ஆனா இதெல்லாம் பாருங்க:

1. சீட்டைப் பிடிச்சு மெதுவா மேல தூக்குங்க. டக் டக்னு ஆட்டம் தெரிஞ்சா பிவட் பேரிங்கோ ஷாக் புஷ்ஷோ தேய்ஞ்சிருக்கு.
2. ஃபோர்க்லயும் ஷாக்லயும் பளபளன்னு இருக்குற குழாயில நகத்தை வெச்சு உரசிப் பாருங்க. நகம் மாட்டுற அளவு கீறல் இருந்தா, சீல் கெட்டு ஆயில் கசியும். அது பெரிய செலவு.
3. வெல்டிங் பக்கத்துல விரிசல் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.
4. பில்லும் ஃபிரேம் நம்பரும் ஒத்துப் போகணும். பல கம்பெனிகள் ஃபிரேம் வாரண்டியை முதல்ல வாங்கினவருக்கு மட்டும்தான் தரும். அதையும் விலை பேசும்போது கழிச்சுக்கோங்க.

வாங்கியாச்சு. இப்போ செட்டிங்!

கடைக்காரர் ஓட்டிப் பார்த்துட்டு "எல்லாம் ஓகே சார்"னு கொடுத்தா, அது அவரோட எடைக்கு ஓகே. உங்களுக்கு இல்ல. வீட்டுல அரை மணி நேரம் ஒதுக்குங்க. ஹெல்மெட், தண்ணி பை எல்லாம் மாட்டிக்கிட்டு செய்யுங்க, ஏன்னா அந்த எடையையும் சேர்த்துத்தான் ஷாக் தாங்கணும்.

சேக்: நீங்க ஏறி நின்னவுடனே சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குதோ அதுதான் சேக். பின்னாடி 25 முதல் 30 சதவீதம், முன்னாடி 15 முதல் 20 சதவீதம் நல்ல ஆரம்பம். ஷாக்ல இருக்குற ரப்பர் வளையத்தை சீல் வரைக்கும் தள்ளிட்டு, சுவரைப் பிடிச்சு மெதுவா ஏறி, ஓட்டுற நிலையில நின்னு, குதிக்காம இறங்குங்க. வளையம் எவ்வளவு நகர்ந்திருக்குன்னு ஸ்கேல்ல அளங்க. ஷாக்கோட ஸ்ட்ரோக் 50 மி.மீ.ன்னா, 30 சதவீதம் 15 மி.மீ. ஃபோர்க் 140 மி.மீ.ன்னா, 20 சதவீதம் 28 மி.மீ. பின்னாடி அளக்கும்போது சக்கரம் அசையற தூரத்தை எடுக்காதீங்க, ஷாக்கோட ஸ்ட்ரோக்கைத்தான் எடுக்கணும்.

ஜாஸ்தியா அமுங்குதா, காத்து ஏத்துங்க. கம்மியா அமுங்குதா, இறக்குங்க. ஒரு தடவைக்கு 5 பி.எஸ்.ஐ. போதும். இதுக்கு ஷாக் பம்ப்தான் வேணும். சக்கரத்துக்குக் காத்தடிக்கிற பம்ப்ல இவ்வளவு நுணுக்கமா ஏத்த முடியாது. பம்பைக் கழட்டும்போது வர்ற "புஸ்" சத்தத்துக்குப் பயப்படாதீங்க. அது பம்ப் குழாயில இருந்த காத்து, ஷாக்ல இருந்து போகல.

ரீபவுண்ட்: அமுங்கின ஷாக் திரும்பி வர்ற வேகம். சின்ன நடைமேடை உயரத்துல இருந்து உட்கார்ந்தபடியே மெதுவா இறங்குங்க. ஒரு தடவை எழும்பி அடங்கிட்டா சரி. ரெண்டு மூணு தடவை ஆடினா, திருகை மெதுவான பக்கம் ரெண்டு கிளிக் திருப்புங்க. எடை ஜாஸ்தியா இருந்து காத்து அதிகமா வெச்சவங்களுக்கு ரீபவுண்டும் மெதுவாத்தான் இருக்கணும்.

டயர்: 2.3, 2.4 அங்குல ட்யூப்லெஸ் டயரா, எடை 70 கிலோவா? முன்னாடி 22, பின்னாடி 25 பி.எஸ்.ஐ.ல ஆரம்பிச்சுப் பாருங்க. டயர் ரொம்ப கல்லு மாதிரி இருந்தா நல்ல ஷாக் இருந்தும் கை அதிரும்.

கடைசியா எல்லா நம்பரையும் போன்ல எழுதி வெச்சுக்கோங்க. அடுத்த தடவை அரை மணி நேரம் தேவைப்படாது.

பராமரிப்புக்குத் தனி டப்பா

ராக்‌ஷாக்ஸ் தன்னோட பல ஃபோர்க்குகளுக்கு 50 மணி நேரத்துக்கு ஒரு முறை கீழ் கால் சர்வீஸ் செய்யச் சொல்லுது. ஃபாக்ஸ் பொதுவா 125 மணி நேரம் அல்லது வருஷத்துக்கு ஒரு முறைன்னு சொல்லுது. வாரம் 3 மணி நேரம் ஓட்டுனா வருஷத்துக்கு சுமார் 150 மணி நேரம். சர்வீஸை ஏன் செலவு கணக்குல முதல்லயே சேர்த்தோம்னு இப்போ புரியுதா?

மாசம் 1,250 ரூபாயை இதுக்குன்னு தனி கணக்குல போடுங்க. வருஷத்துக்கு 15,000 ஆச்சு. தேய்ஞ்ச செயினை நேரத்துக்கு மாத்தினா, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கேசட் தப்பிக்கும். சர்வீஸ் பில்லை எல்லாம் ஒரு ஃபைல்ல வைங்க. விக்கும்போது நல்ல விலை கேட்க அதுதான் உங்க ஆதாரம்.

ஆக, சைக்கிளோட விலையை மட்டும் பார்க்காதீங்க. மொத்த பட்ஜெட்ல 75 சதவீதத்துக்குள்ள சைக்கிள் அடங்கினா, ஆர்டி முடிஞ்ச அன்னைக்கு சந்தோஷமா கடைக்குப் போங்க. அடங்கலன்னா, ஒரு நல்ல ஹார்ட்டெயிலை எடுத்துக்கிட்டு இந்த வாரமே ஓட்ட ஆரம்பிங்க. மிச்சக் காசு ஆர்டியில வளரட்டும்!