நோய் போயிருச்சு, பயம் போகலை



சுவர் இதழுக்கு அறிவியல் கட்டுரை கேட்டார்கள். எனக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயத்தையே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. இப்போது இல்லை. நம் வகுப்பில் இது இரண்டு பேருக்குத்தான் தெரியும். (இனி எல்லாருக்கும் தெரியும்!)

குழந்தைகளுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் இதுதான். எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகிவிடும். 1950-களில் இது வந்த குழந்தைகள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. இன்று இரண்டு, மூன்று வருஷம் சிகிச்சையை முழுசாக முடித்தால் நிறையப் பேர் குணமாகிறார்கள். எனக்கு ஏற்றிய மருந்துகளில் ஒன்று வின்கிரிஸ்டின். அது எதிலிருந்து கிடைக்குது தெரியுமா? நித்தியகல்யாணிச் செடியிலிருந்து! நம்ம ஊர்ப் பக்கம் தண்ணியே இல்லாத இடத்திலும் பூத்து நிற்குமே, சுடுகாட்டு மல்லின்னு சொல்வாங்களே, அதேதான். பூ மார்க்கெட்டில் அதை யாரும் வாங்க மாட்டாங்க.

சரி, குணமாயிருச்சு. அப்புறம் என்ன?

உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் லீவு கிடைச்ச சந்தோஷம். எனக்கு வந்தால் அம்மா முகம் மாறிடும். அதைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கும். பி.டி. பீரியடில் ஓடிய அன்று ராத்திரி கால் வலித்தால் தூங்க மாட்டேன். ஏன்னா முதலில் எனக்கு நோய் காட்டியதே கால் வலியாகத்தான். ஸ்பிரிட் வாசனை வந்தால் பழைய வார்டு ஞாபகம் வரும். பக்கத்துக் கட்டிலில் இருந்த பையன் வீட்டுக்குத் திரும்பலை. நான் மட்டும் ஏன் திரும்பினேன் என்று யோசிப்பேன்.

இது என் கோழைத்தனம்னு ரொம்ப நாள் நினைச்சேன். டாக்டர்தான் சொன்னார், சின்ன வயதில் இந்த நோயிலிருந்து மீண்டவர்களில் பலருக்கு இப்படி இருக்குமாம். எல்லாருக்கும் இல்லை. சிலருக்கு மூளைக்குக் கொடுத்த சிகிச்சையால் கவனமும் ஞாபகமும் கொஞ்சம் குறையலாம். ஆசிரியர்கள் கவனிக்கவும், அது சோம்பேறித்தனம் இல்லை!

மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் சிகிச்சை முடித்த பிள்ளைகளுக்காகவே 1991-இல் தனி கிளினிக் தொடங்கினார்கள். அங்கே உடம்போடு மனசையும் பார்க்கிறார்கள். அப்படி மீண்டு வளர்ந்தவர்கள் ‘உகம்’ என்று ஒரு குழுவாகவும் சேர்ந்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது, நம்மள மாதிரி வேற ஆளுங்க இருக்காங்கடான்னு பெரிய நிம்மதி.

எங்க வீட்டில் நேர்மாறு. “வெளியே சொல்லாதே, நாளைக்குக் கல்யாணம் ஆகணும்” என்பார் அத்தை. பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் மறைக்க மறைக்க, நான் ஏதோ தப்பு செய்த மாதிரி ஆயிருச்சு. முன்பு படித்த பள்ளியில் என் தண்ணீர் பாட்டிலைத் தொட மாட்டார்கள். புற்றுநோய் ஒட்டாது. அப்போது நான் மாஸ்க் போட்டதே உங்க சளி எனக்கு ஒட்டாமல் இருக்கத்தான்.

எந்தக் காரணத்துக்காகவும் மனசு கஷ்டமாக இருந்தால் 14416-க்கு இலவசமாகப் பேசலாம். அரசு நடத்தும் டெலி மனஸ் அது, தமிழிலேயே பேசுவார்கள்.

அடுத்த வாரம் வருஷாந்திர ரத்தப் பரிசோதனைக்கு மதுரை பஸ் ஏறணும். இப்பவே தூக்கம் வரலை. ஒரு நாள் லீவு போடுவேன், கணக்கு நோட்டை யாராவது கொடுங்க.

— 11-ஆம் வகுப்பு மாணவி

(பெயர் வேண்டாம், கையெழுத்திலேயே கண்டுபிடிச்சிருப்பீங்க)