வானத்தின் கணக்கும் நமது பங்கும்

இரவில் வானத்தை அண்ணாந்து பார்க்கும்போது, 'அங்கேயும் யாராவது இருப்பார்களா?' என்று நாம் எல்லாருமே ஒருமுறையாவது நினைத்திருப்போம். நமது பால்வெளி மண்டலத்தில் மட்டும் பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. பூமிக்கு வெளியே உயிர் எவ்வளவு பரவியிருக்கும் என்று கணிக்க வழி உண்டா?

1961ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிரீன் பேங்க் என்ற ஊரில் நடந்த சிறு கூட்டத்தில், வானியலாளர் ஃபிராங்க் டிரேக் இந்தப் பெரிய கேள்வியை ஏழு சிறு கேள்விகளாகப் பிரித்தார். ஆண்டுக்கு எத்தனை விண்மீன்கள் பிறக்கின்றன? அவற்றுள் எத்தனைக்குக் கோள்கள் உண்டு? உயிர் வாழத் தகுந்த கோள்கள் எத்தனை? எத்தனையில் உயிர் தோன்றும்? எத்தனையில் அறிவு வளரும்? எத்தனை சமூகங்கள் வானொலி அலைகளை அனுப்பும்? அச்சமூகங்கள் எவ்வளவு காலம் நீடிக்கும்? ஏழு விடைகளையும் பெருக்கினால், பால்வெளியில் இன்று நம்மோடு பேசக்கூடிய சமூகங்களின் எண்ணிக்கை கிடைக்கும்.

அன்று முதல் கேள்விக்கு மட்டுமே ஓரளவு விடை தெரிந்திருந்தது. 1995இல் சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று சூரிய மண்டலத்துக்கு வெளியே ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கோள்கள் உறுதி செய்யப்பட்டுள்ளன. ஆனால் உயிர் உள்ளதாக நாம் அறிந்தது பூமி ஒன்றே. ஒரு வீட்டை மட்டும் பார்த்துவிட்டு ஊர் முழுவதற்கும் கணக்கு எழுத முடியுமா? அதனால்தான் சிலருக்கு விடை ஒன்று என்றும், சிலருக்குப் பல இலட்சம் என்றும் வருகிறது.

இத்தேடலைக் கண்டு நாம் அஞ்சத் தேவையில்லை. வேற்றுலகில் உயிர் இருக்கலாம் என்று எண்ணுவது விசுவாசத்துக்கு முரணானது அல்ல என்று, வத்திக்கான் வானியல் ஆய்வகத்தின் அன்றைய இயக்குநர், இயேசு சபை அருள்தந்தை ஹோசே கபிரியேல் ஃபூனெஸ் 2008இல் கூறினார். 2009இல் திருப்பீட அறிவியல் கழகமே அறிவியலாளர்களை அழைத்து இது குறித்துக் கருத்தரங்கு நடத்தியது.

நம்மைத் தொடுவது ஏழாவது கேள்வி. முதல் ஆறு விடைகளின் பெருக்குத்தொகை ஏறக்குறைய ஒன்று என்று டிரேக் கருதினார். அப்படியானால், இத்தகைய சமூகங்கள் நூறு ஆண்டுகளில் அழிந்துவிடுமானால், பால்வெளியில் ஒரே வேளையில் நூறு மட்டுமே இருக்கும். இலட்சம் ஆண்டுகள் நீடித்தால், இலட்சம் இருக்கும். நாம் வானொலியைப் பயன்படுத்தத் தொடங்கி நூற்றுச் சொச்சம் ஆண்டுகளே ஆகின்றன. அதற்குள் அணுகுண்டைச் செய்துவிட்டோம்; பூமியையும் சூடாக்கிவிட்டோம்.

மற்ற ஆறு விடைகளை வானத்தில் தேட வேண்டும். ஏழாவதை, நம்மைப் பொறுத்தவரை, நாமே எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒருவரோடு ஒருவர் சமாதானமாய் வாழ்ந்து, நமக்குத் தரப்பட்ட இந்தப் பூமியைப் பேணுவோமா?