கறள் பிடித்த மொறிஸ் மைனர்: வீட்டுக் கராஜில் ஒரு புனருத்தாரணம்

யாழ்ப்பாணத்து வீதிகளைக் கண்ட எவருக்கும் மொறிஸ் மைனரை அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் புகையிரத நிலையத்துக்கும் நம்மை ஏற்றிச் சென்ற ஹயர் கார்களிற் பல, மொறிசும் ஒஸ்ரினுமே. 1990-ஆம் ஆண்டின் பின்னர் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடுக்கப்பட்ட காலத்திலும் அவை ஓய்ந்துவிடவில்லை. சிறிதளவு பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினர் நம்மவர். அழுத்த விகிதம் குறைந்த அப்பழைய இயந்திரங்கள், புகை கக்கியவாறேனும் அதனை ஏற்றுக்கொண்டன.

அதே மொறிஸ் மைனர், பிரித்தானியாவில் இன்று பழம்பொருட் பிரியர்களின் செல்லப் பிள்ளை. கறள் ஏறி ஏதோவொரு கொட்டிலில் பல்லாண்டு கிடந்த ஒன்றை வாங்கி, வீட்டுக் கராஜிலே தாமே திருத்தி ஓட்டவேண்டும் என்னும் ஆசை நம்மவர் சிலருக்கும் எழுவதுண்டு. ஆசை நல்லதே. ஆனால் எங்கே தொடங்குவது என்று அறியாமல் இறங்குவோர் பணத்தை இழப்பர். சிலவேளை அதனிலும் பெரியதை இழக்க நேரும். இவ்வேலைக்குப் புதியவர்களுக்காகவே இதனை எழுதுகின்றோம்.

அகதி ஒருவர் ஆக்கிய கார்

இக்காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். இன்று துருக்கியின் இஸ்மிர் என அழைக்கப்படும் ஸ்மேர்னா நகரில் 1906-இல் பிறந்தவர். தந்தை கிரேக்க வம்சத்துப் பிரித்தானியப் பிரசை, தாய் ஜேர்மானியர். 1922-இல் அந்நகரைப் போர் சூழ்ந்தபோது, குடும்பம் உடைமைகளை விட்டுப் பிரித்தானியக் கப்பலேறி மோல்ற்றாத் தீவை அடைந்தது. அங்கே தந்தை காலமானார். மறு ஆண்டு தாயும் மகனும் இங்கிலாந்து வந்து சேர்ந்தனர். இலண்டன் பற்றர்சி தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்ற மகன் கணிதத்தில் மூன்று முறை தவறினார். ஆயினும் 1948 ஒக்ரோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் அவரது மொறிஸ் மைனர் அறிமுகமானது. பின்னர் 1959-இல் வெளிவந்த மினி காரும் அவரது ஆக்கமே. அகதியாக வந்த இளைஞரின் கையிற் பிறந்த கார், 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது வண்டியைக் கண்டது. பிரித்தானியக் கார்களுள் இவ்வெண்ணிக்கையை முதன்முதல் எட்டியது இதுவே. 1971-இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் 16 இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

வேலை பெரும்பாலும் முடிந்த நிலையில், கார் ஒடுக்கமாக இருப்பதாகக் கருதிய இசிகோனிஸ், மாதிரிக் காரை நடுவே இரண்டாக வெட்டச் செய்து நான்கு அங்குலம் அகட்டினார். பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமே. இக்காரைத் திருத்த முற்படுபவர் இதனை நினைவிற் கொள்ளலாம். ஆக்கியவரே வெட்டி ஒட்டிய கார் இது.

கறள் எங்கே ஒளிந்திருக்கும்?

இரும்பும் நீரும் காற்றும் கூடினால் கறள். உப்புச் சேர்ந்தால் அது விரைவுபடும். இந்நாட்டிலே குளிர்காலத்தில் வீதிகளுக்கு உப்புத் தூவுகின்றனர். அந்த உப்புநீர் காரின் அடியிலுள்ள மூடிய பெட்டிப் பகுதிகளுக்குட் புகுந்து தங்கிவிடுகின்றது. கறள் உள்ளிருந்து வெளியே தின்று வருவதால், பெயின்றில் சிறு கொப்புளம் தோன்றும்போது உட்புறம் பெரும்பாலும் உக்கியிருக்கும்.

பழைய லொறிகளிற் போன்று தனியான சட்டகம் மொறிஸ் மைனருக்கு இல்லை. உடலே அதன் எலும்பும். ஆகவே தகடு உக்குவது அழகுக் குறைபாடு அன்று. பாரத்தைத் தாங்கும் உறுப்பே உக்குகின்றது. வாங்குமுன் பார்க்கவேண்டிய இடங்கள் இவை: கதவுகளின் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிப் பகுதி, கால்வைக்கும் தரைத் தகடு, முன் ஆசனங்களின் கீழே குறுக்காகச் செல்லும் தாங்கி, ஜக் வைக்கும் இடங்கள், பின்சக்கர வில்லுகள் தொங்கும் கொளுவிகள், முன்சக்கரங்களுக்கு மேலுள்ள உட்தகடுகள். மரச் சட்டம் தெரியும் ட்ரவலர் வகையிலே அம்மரமும் பாரந்தாங்கும் உறுப்பே. மரம் உக்கியிருந்தால் செலவு பன்மடங்காகும்.

சோதிக்கும் கருவிகள் மூன்றே: ஒரு ஸ்குரூ ட்ரைவர், ஒரு சிறு சுத்தியல், ஒரு காந்தம். சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு கணீரென்னும். உக்கியது மந்தமாக ஒலிக்கும். பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலே ஒருவிதமாகவும் கீழே வேறுவிதமாகவும் இருந்தால், உடலே வளைந்திருக்கின்றது என ஐயுறுக. பளபளக்கும் புதுப் பெயின்றைக் கண்டு விலை பேசாதீர்கள். இயந்திரம் ஓடாத, ஆனால் உடல் உறுதியான கார், நன்றாக ஓடும் உக்கிய காரிலும் பார்க்க மேலானது. இயந்திர உதிரிப் பாகங்கள் ஏறக்குறைய யாவும் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. 1990-களில் இக்காரின் உடற்தகடுகள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கு ஏற்றுமதியாகின என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

வேலையின் ஒழுங்கு

புதியவர் செய்யும் முதற் பிழை, முதல் நாளே அனைத்தையும் கழற்றிக் குவிப்பது. கழற்றுவது ஒரு வாரம். பூட்டுவது சில வருடம். அதற்குள் எந்த ஆணி எங்கே இருந்தது என்பது மறந்துபோகும். கழற்றுமுன் படமெடுங்கள். ஒவ்வொரு பகுதியின் ஆணிகளையும் தனித்தனிப் பையிலிட்டுப் பெயரெழுதுங்கள். இறுகிய மரைகளுக்கு முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். முறுக்கி உடைப்பதிலும் ஒரு நாள் பொறுப்பது இலாபம்.

அடுத்து வெல்டிங். கறள் பிடித்த தகட்டின் மேல் புதுத் தகட்டை வைத்து ஒட்டுவது ஏமாற்று வேலை. உக்கிய பகுதியை நல்ல தகடு காணும்வரை வெட்டியெறிந்து, அங்கிருந்தே புதியதை ஒட்டவேண்டும். கதவின் கீழுள்ள பெட்டிப் பகுதியை வெட்டுமுன் காரைச் சமமாகத் தாங்கி, கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் பொருத்துக. அன்றேல் நடுவே உடல் தொய்ந்து, பின்னர் கதவு பூட்டாது. ஒரு பக்கம் முடித்த பின்னரே மறுபக்கம் வெட்டுக. வெல்டிங் பழகுவது காரில் அன்று. முதலில் கழிவுத் தகட்டிற் பழகுங்கள். மாலை வகுப்புகள் நடத்தும் கல்லூரிகளும் உண்டு.

வெல்டிங் முடிந்த பின் பிறேக், சக்கரத் தாங்கிகள், மின்கம்பிகள், இயந்திரம் என்பன முறையே வரும். பெயின்ற் கடைசியில் வருவது. வரிசை மாறினால் முன்னர் செய்த வேலையைப் பின்னர் நாமே கெடுப்போம்.

உயிரோடு விளையாடாதீர்கள்

ஜக்கை மாத்திரம் நம்பிக் காரின் கீழே படுக்காதீர்கள். சமதரையில் உறுதியான தாங்கிகளை வைத்த பின்னரே கீழே போகவேண்டும். பெற்றோல் தாங்கி பின்பெட்டித் தரையின் கீழுள்ளது. பின்புறத்தில் வெல்டிங் செய்யுமுன் அதனை முற்றாகக் கழற்றி வெளியே கொண்டுபோய் வைக்கவும். வெறுமையான தாங்கி ஆபத்தற்றது என எண்ணாதீர்கள். அதனுள் நிற்கும் ஆவியே வெடிப்பது. பற்றரித் தொடுப்பைக் கழற்றுக. பழைய பிறேக் கட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம், அத்தூசியை ஊதாதீர்கள். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம்; முகமூடியின்றித் தேய்க்காதீர்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். கராஜின் கதவை மூடிக்கொண்டு இயந்திரத்தை ஓடவிடுவது மரணத்தை அழைப்பதாகும்.

இக்காருக்கே உரிய இரு பலவீனங்களும் உண்டு. நான்கு சக்கரப் பிறேக்குக்கும் எண்ணெய் ஒரே வழியாகவே செல்கின்றது. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும். முன்சக்கரத்தைத் தாங்கும் மரைப் பூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிடில், மரை தேய்ந்து ஒருநாள் சக்கரம் மடிந்து கார் வீதியில் அமர்ந்துவிடும்.

எரிபொருளிலும் கவனம் வேண்டும். 2021 செப்ரெம்பர் முதல் பிரித்தானியாவின் சாதாரணப் பெற்றோலில் பத்து வீதம்வரை எதனோல் கலக்கப்படுகின்றது. அது பழைய இறப்பர்க் குழாய்களை அரிக்கும். எதனோல் குறைந்த சுப்பர் வகையையே பாவித்து, பழைய குழாய்களையும் மாற்றிவிடுங்கள்.

சட்டம் விலகினாலும் பொறுப்பு விலகாது

நாற்பது வருடத்தைக் கடந்த, பெரிதும் மாற்றியமைக்கப்படாத கார்களுக்கு வருடாந்த எம்.ஓ.ரி. பரிசோதனை கட்டாயமில்லை என்பது 2018 மே மாதம் முதல் பிரித்தானியாவில் நடைமுறை. வீதி வரியும் இல்லை. எனினும் அதற்கு விண்ணப்பித்துப் பதிய வேண்டும். கேட்க இனிப்பான சலுகைகள். ஆனால் நாம் ஒட்டிய தகட்டை இனி எவரும் பரிசோதிக்கப் போவதில்லை என்பதே இதன் மறுபக்கம். கார் வீதிக்குத் தகுதியற்றதாயின் குற்றம் ஓட்டுபவருடையதே. ஆகவே கட்டாயமில்லாவிடினும் முதன்முறை வீதிக்கு எடுக்குமுன் காரை எம்.ஓ.ரி. பரிசோதனைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஆசனப்பட்டி இல்லாமலே உற்பத்தியான காரில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஏற்றுவது சட்டவிரோதம். அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் பின் ஆசனத்திலேயே இருத்தல் வேண்டும்.

வீட்டிலிருக்கும் ஆசிரியர்

ஊரிலே கராஜ் வைத்திருந்தவர்கள், ரிங்கர் வேலை செய்தவர்கள், ஹயர் கார் ஓட்டியவர்கள் பலர் இந்நாட்டுக்கு வந்தபின் கடையிலும் களஞ்சியத்திலும் இரவு வேலை செய்தே காலங்கழித்தனர். அவர்களது கைத்தொழிலை இங்கு எவரும் கேட்டதில்லை. மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவருக்கு, ஒரு காபரேற்றரைக் கழற்றிக் கழுவிப் பூட்டுவது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை. கணினி பூட்டிய இக்காலத்துக் கார்களைக் கண்டு ஒதுங்கும் அவரே, மொறிசின் முன்னால் ஆசிரியராவார்.

இங்கு பிறந்த பிள்ளைகள் பலருக்கு அப்பாவோடும் மாமாவோடும் பேசுவதற்குப் பொதுவான விடயம் குறைந்து வருகின்றது. கராஜிலே வேலை செய்யும்போது பேச்சைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு ஆணியைக் கேட்பதும் கொடுப்பதுமே பேச்சாகிவிடும். கறள், மரை, தகடு, கொளுவி என்னும் சொற்களும் அங்கே தாமாகப் பிள்ளையின் வாயில் ஏறும். மகனை மட்டுமன்றி மகளையும் அழையுங்கள். ஸ்பனர் ஆண் பெண் பாராது.

ஆகவே கார் வாங்கப் போகுமுன் உங்கள் குடும்பத்திலோ அயலிலோ உள்ள அத்தகைய பெரியவர் ஒருவரைத் தேடிச் செல்லுங்கள். சுத்தியலையும் காந்தத்தையும் அவர் கையிற் கொடுத்து, "ஐயா, இதை ஒருக்கால் வந்து பாருங்கோ" என்று கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால், வாங்காமல் திரும்புங்கள்.