வண்ணக்கர் இல்லாத சந்தை

சங்கப் புலவர்தம் பெயர்ப் பட்டியலைப் படித்துச் செல்லும் மாணவன் ஓரிடத்திலே சற்றுத் தயங்குவான். வடம வண்ணக்கன் தாமோதரனார், வண்ணக்கன் சாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர் கிழான் என வரும் பெயர்களில் உள்ள 'வண்ணக்கன்' யார் என்று கேட்பான். காசின் நிறமும் எடையும் நோக்கி, இது நன்று, இது போலி என்று தீர்ப்புச் சொல்வோன் வண்ணக்கன். கடைத்தெருவில் அமர்ந்து காசு பார்த்தவர்கள் கவியும் பாடினர் என்பது நம் பழைய சமுதாயத்தைப் பற்றி மகிழ்ச்சி தரும் செய்தி. மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களிலே தருமகர்த்தாவை இன்றும் வண்ணக்கர் என்றே அழைக்கின்றனர். காசு நோக்கியவனின் பெயர் கோயிற் பொருளைக் காப்பவனுக்கும் உரியதாயிற்று. உலோகத் துண்டுக்கும் மனித ஒழுக்கத்துக்கும் 'நாணயம்' என்ற ஒரே சொல்லை வழங்கும் மொழியிலே இது வியப்பன்று.

அந்த வண்ணக்கர் இல்லாத சந்தை ஒன்று இப்போது நம் சட்டைப் பைக்குள் வந்து புகுந்திருக்கிறது. நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் வழியிலுள்ள எங்கள் கந்தப்பளையிலே, கைத்தொலைபேசிக்கு அலை கிடைக்கும் மேட்டில் நின்றுகொண்டு, தோட்டத்து இளைஞன் பாட்டியின் பெட்டியிலிருந்த பழங்காசைப் படம் பிடித்து இணையத்திலே ஏலம் கூறுகிறான். வாங்குவோன் கொழும்பில் இருக்கலாம், கனடாவிலும் இருக்கலாம். இருவரும் ஒருவரையொருவர் காணப் போவதில்லை. காசையும், அஞ்சலுறை பிரிக்கப்படும் வரையில், வாங்குவோன் தொடப் போவதில்லை.

புதியது என்பதற்காக இதனைப் பழிப்பது என் நோக்கமன்று. நேருக்கு நேர் நடந்த பழைய வாணிகத்தின் இலட்சணத்தை நான் நன்கு அறிவேன். இலங்கையிலே இந்திய வெள்ளி ரூபாவே கைமாறி வந்த காலத்தில், எங்கள் பெண்கள் அவற்றைத் துணியில் முடிந்து சேமித்தார்கள். சிலர் வளையம் வைத்துக் கழுத்தில் அணிந்தார்கள். பிற்காலத்தில், சம்பள நாளையொட்டி லயங்களுக்கு வரும் பித்தளை வெள்ளி வியாபாரி அவற்றைத் தராசில் இட்டு, உருக்கு வெள்ளி விலையிலும் குறைத்துக் கொடுத்து அள்ளிச் சென்றான். விக்டோரியா காலம் முதல் 1939 வரையிலான ரூபா 11.66 கிராம் எடையும், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரைக்குச் சற்று மேற்பட்ட வெள்ளியும் உடையது. ஆனால், எல்லா ரூபாவும் ஒரே விலைக்குரியன அல்ல. 1911 ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜோர்ஜ் ரூபாவிலே, மன்னனின் மேலாடையிலுள்ள யானை பன்றியைப் போலத் தோன்றுகிறதென்று மக்கள் குறை கூறவே, மறு ஆண்டே அச்சுத் திருத்தப்பட்டது. ஆதலால் அந்த ஓர் ஆண்டுக் காசைச் சேகரிப்போர் தேடி வாங்குகின்றனர். இது நம் லயத்துக் கிழவிக்குத் தெரியாது. வியாபாரிக்குத் தெரிந்தாலும் சொல்லான். இன்று அவள் பேரன் அரை நாழிகையில் விலையை அறிந்துவிடுகிறான். இணையம் ஏழைக்குச் செய்த நீதி இது. இதனை ஒப்புக்கொள்ளாதவன் வியாபாரியின் கட்சிக்காரன்.

எனினும், விலை அறிவது வேறு. காசை அறிவது வேறு. படத்திலே தெரிவது முகமும் பின்புறமும் மட்டுமே. எடை தெரியாது, விளிம்பின் வரிகள் தெரியா, கல்லில் தட்டினால் எழும் ஓசை கேளாது. அச்சில் அடித்த காசுக்கும் வார்ப்பில் ஊற்றிய போலிக்கும் உள்ள வேறுபாடு, பெரும்பாலும் அந்த விளிம்பிலும், தோலின்மேல் ஊசி குத்தினாற்போல் உள்ள நுண்துளைகளிலுமே ஒளிந்து கிடக்கும். காந்தத்தைக் காட்டிச் சோதிக்கலாம் என்பர். வெள்ளிப் பூச்சுப் பூசிய இரும்பை அது காட்டிக் கொடுக்கும். ஆயின், 1947 ஆம் ஆண்டின் புலி உருவம் பொறித்த இந்திய ரூபா நிக்கலால் ஆனது. உண்மைக் காசாயிருந்தும் அது காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். இத்தகைய நுட்பங்களைக் கையில் வைத்துப் பார்த்துப் பழகியவனே அறிவான்.

எங்கள் வீடுகளில் இன்னொரு வழக்கம் உண்டு. தீபாவளிக்கு முன்பு குத்துவிளக்கையும் செம்பையும் புளியிட்டு விளக்கும்போது பழங்காசுகளையும் சேர்த்து விளக்கிவிடுவர். படத்தில் அவை பளபளவென்று அழகாய்த் தோன்றும். சேகரிப்போனோ முகத்தைச் சுளிப்பான். நூறாண்டுக் காற்றும் கையும் படிந்த மேற்பூச்சே அவனுக்கு வேண்டும். 1949 இல் அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் என்பார் காசின் நிலையை 1 முதல் 70 வரை எண்ணிட்டு அளக்கும் முறையை வகுத்தார். 1980களின் பிற்பகுதியிலிருந்து அந்த எண்ணை இட்டு, காசைக் கண்ணாடி போன்ற பேழைக்குள் அடைத்துக் கொடுக்கும் கம்பனிகள் அங்கே தோன்றின. வண்ணக்கரைக் கம்பனியாக்கிய கதை இது. இப்போது பேழைக்கும் போலி வந்துவிட்டது!

ஏமாற்று வேறொரு திசையிலிருந்தும் வருகிறது. 'இந்தக் காசு உங்களிடம் உள்ளதா? இலட்சக் கணக்கில் தருகிறோம்' என்ற விளம்பரத்தை நம்பி, 'பதிவுக் கட்டணம்' என்ற பெயரில் முற்பணம் அனுப்பி இழந்த குடும்பம் ஒன்றை நான் அறிவேன். என் பழைய மாணவன் வீடு அது. இந்தியாவிலே ரிசர்வ் வங்கியின் பெயரையே கூறி இவ்வாறு பணம் பறித்தமையால், 2021 ஓகஸ்ட் மாதத்தில் அவ்வங்கி எச்சரிக்கை வெளியிட நேர்ந்தது. வாங்குவோன் விற்போனிடம் பணம் கேட்பது எந்த ஊர்ச் சந்தையிலும் இல்லாத வழக்கு.

இவையெல்லாம் பணத்தால் வரும் நட்டங்கள். பணத்தாலேயே ஈடு செய்யலாம். என் மனத்தை உறுத்துவது வேறொன்று. காசோடு கூட வரவேண்டிய 'எங்கே கிடைத்தது' என்ற செய்தி இணையத்திலே அறுந்து போகிறது.

கரூரை எண்ணிப் பாருங்கள். அங்கே அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சிறு காசுகளிலே மாக்கோதை, கொல்லிப்பொறை முதலிய பெயர்கள் பழந்தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தன. 'தினமலர்' ஆசிரியராயிருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றோர் இத்தகைய காசுகளைத் தேடி, படித்து, வெளியிட்டனர். சேரர் பெயர் தாங்கிய காசு கரூர் ஆற்றிலே கிடைத்தது என்பதனால்தான், வஞ்சி எது என்ற நெடுநாள் வழக்கில் அது சாட்சியாய் நின்றது. அதே காசு 'தென்னிந்தியா, பழையது' என்ற இரு சொல்லோடு மட்டும் ஏலத்தில் வந்திருப்பின், வெறும் வெள்ளித் துணுக்காய் ஏதோ ஒரு பெட்டியில் உறங்கியிருக்கும். நம் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் செப்புக்காசும் அத்தகையதே. படுத்திருக்கும் காளையும், அதன் கீழே 'சேது' என்னும் தமிழ் எழுத்தும் கொண்ட அக்காசுகள் இன்று இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. எந்த மண்ணிலிருந்து வந்தன என்று கேட்டால் மறுமொழி இல்லை.

சேதுக் காசுக்கேனும் சட்டத்தின் காவல் உண்டு. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 க்கு முற்பட்டவற்றைத் தொல்பொருள் என வகுத்து, அனுமதிப்பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே அனுப்பலாகாது என்கிறது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு எழுத்தால் மாறிய நாள் அது. எங்கள் மலைநாட்டு வரலாறோ அந்தக் கோட்டுக்கு இப்பால் தொடங்குகிறது. 1843 ஆம் ஆண்டைத் தாங்கிய ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் வில்லை போன்றவை, கோப்பிக் காலத்திலே கொழும்புப் பண்டகசாலைகளில் வேலை செய்தோருக்குக் கூலிக்கு ஈடாய் வழங்கப்பட்டவை. 1869 இல் கோப்பி இலையில் நோய் கண்டு அந்தப் பயிரே அழிந்தபின் அவை சேகரிப்போர் பெட்டியைச் சேர்ந்தன. 1988 ஆம் ஆண்டின் கலாசாரச் சொத்துச் சட்டம் பிற்காலப் பொருட்களின் ஏற்றுமதிக்கும் அனுமதி கேட்கிறது என்பது மெய். ஆயினும், அஞ்சலுறைக்குள் இருக்கும் துருவேறிய தகரத்தைக் கலாசாரச் சொத்தென்று கண்டுகொள்ளும் அதிகாரி எங்கே உளர்?

தகரம் என்றேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது, ஒவ்வொருவருக்கும் ஒரு தகர வில்லை தரப்பட்டது. மாவட்டத்துக்குரிய எழுத்தும், தோட்டத்துக்கும் ஆளுக்கும் உரிய எண்களும் அதில் குத்தப்பட்டிருக்கும். கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தவருடைய வழிச்செலவு தோட்டத்தின் கணக்கிலே எழுதப்பட்டது. காசு அன்று, ஆயினும் ஒரு மனிதனின் பயணத்துக்கு ஈடாய் நின்ற பொருள். ஆகையால் காசு சேகரிப்போர் இதனையும் விரும்பி வாங்குகின்றனர்.

சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தியின் அப்பாயி இத்தகைய வில்லை ஒன்றைக் கொணர்ந்து என் மேசைமேல் வைத்தார். வெளிநாட்டிலுள்ள ஒருவர் படத்தைக் கண்டு விலை கேட்டிருந்தார். தொகை அந்த வீட்டின் இரண்டு மாத அரிசிக்குப் போதும்.

"எங்க தாத்தா கழுத்துல கெடந்து வந்ததுங்க மாஸ்டர். வித்தா பாவமாங்க?" என்றார்.

"பாவமில்லைங்க அம்மா. தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தாரென்று தெரியுமா?" என்று கேட்டேன்.

"துறையூர்ப் பக்கம்னு சொல்லுவாங்க. மொதல்ல உடப்புசல்லாவையில ஒரு தோட்டம், அப்புறந்தான் இங்கிட்டு."

வறுமையில் உள்ளோரைப் பார்த்து, 'வரலாற்றைக் காப்பாற்றுங்கள், விற்காதீர்கள்' என்று உபதேசிக்கும் உரிமை எனக்கில்லை. நான் செய்தது ஒன்றே. அவர் கூறியதைக் கூறியபடியே தாளில் எழுதி, வில்லையின் இருபுறத்தையும் தாளின்கீழ் வைத்துக் கரிக்கோலால் தேய்த்துப் படியெடுத்து, எடையும் விட்டமும் குறித்து, பள்ளிக்கூடத்திலே ஒரு பிரதியை வைத்துக்கொண்டேன். மற்றொரு பிரதி வில்லையோடு செல்லட்டும் என்றேன். அப்பாயி இரண்டு நாள் யோசித்தார்; பிறகு விற்றார். நான் குறை காணவில்லை. வாங்கியவர் அந்தத் தாளைக் கண்டு முன்பு கூறியதற்கு மேலும் சிறிது கொடுத்தார் என்பதையும் சொல்லவேண்டும். ஊரும் பேரும் உள்ள பொருளுக்கு மதிப்பு அதிகம் என்பதைச் சேகரிப்போரும் அறிவர்.

அவர் தம்மிடம் இதற்கு முன்பே சேர்ந்திருந்த பதினொரு வில்லைகளின் படங்களையும் எங்களுக்கு அனுப்பினார். எவற்றுக்கும் ஊரில்லை, பெயரில்லை. இரண்டில் மட்டும் அப்பாயியின் வில்லையிலுள்ள அதே எழுத்துக் காணப்படுகிறது. தோட்டத்தின் எண் வேறு. அது எந்தத் தோட்டத்துக்குரிய எண் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இராகலையிலும் உடப்புசல்லாவையிலும் உள்ள முதியோரிடம் விசாரித்து வருகின்றனர்.