வாசல்வரை வரும் பணம்

கஜானாவும் கல்லூரியும் – 6

"உங்க தாத்தா டிகிரி படிச்சவரா?" தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளையிடம் அரசாங்கம் கேட்கிற கேள்விகளில் இதுவும் ஒன்று. அப்பாவைப் பெற்றவர்கள், அம்மாவைப் பெற்றவர்கள், அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் என்று ஒருவர்கூடப் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார், வருவாய் ஆய்வாளர் பரிந்துரைப்பார், மண்டலத் துணை வட்டாட்சியர் சான்றிதழ் தருவார். வருமான வரம்பு கிடையாது. மு.கருணாநிதி ஆட்சியில் 2010-ல் வந்த முதல் பட்டதாரி சலுகைக்கு இந்தத் தாள்தான் ஆதாரம். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சுயநிதிப் பொறியியல் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளையிடம் இந்தச் சான்றிதழ் இருந்தால், கல்விக் கட்டணத்தில் சலுகைத் தொகையை அரசே கல்லூரிக்குக் கொடுத்துவிடும்.

தாத்தாவின் படிப்புவரை துருவித் துருவிக் கேட்கிற அரசு, பேரன் கல்லூரிக்குள் போன பிறகு இரண்டாம் செமஸ்டரில் என்ன ஆனான் என்பதைப் பணத்தோடு சேர்த்துக் கேட்பதில்லை. கல்லூரியில் சேர்வதற்குக் காசு உண்டு. சேர்ந்தவனைத் தேற்றுவதற்கு என்று தனியாக ஏதும் இல்லை.

இந்த நிலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தபோது கணக்கு எளிமையாக இருந்தது. கட்டடம், ஆய்வகம், ஆசிரியர் சம்பளம் எல்லாம் தனியார் பொறுப்பு, கஜானாவுக்குச் செலவில்லை. முப்பது ஆண்டுகளுக்குள் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டின. இடம் இருந்தது, சேரவேண்டிய பிள்ளைகளின் வீட்டில் பணம் இல்லை. அப்போது அரசு பணம் போடத் தொடங்கியது. கல்லூரிகளுக்கு நேரடி மானியமாக அல்ல, மாணவர் பெயரில், தலைக்கு இவ்வளவு என்று. இதைக் குறைசொல்லிவிட்டுப் போக முடியாது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2021-22 கணக்கெடுப்பில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் இந்தியாவுக்கு 28.4, தமிழ்நாட்டுக்கு 47. வேறு எந்தப் பெரிய மாநிலமும் பொறாமைப்படக்கூடிய எண் இது.

ஆனால், உள்ளே வந்தவர்கள் என்ன படித்துவிட்டு வந்தார்கள்?

1984-லிருந்து பொறியியல், மருத்துவச் சேர்க்கைக்குப் பொது நுழைவுத் தேர்வு இருந்தது. நகரத்து கோச்சிங் சென்டர்களுக்குப் போக வசதியில்லாத பிள்ளைகள் அதில் பின்தங்கினார்கள். மு.அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையை ஏற்று, 2006-ல் சட்டம் இயற்றி, 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு அந்தத் தேர்வு ஒழிக்கப்பட்டது. நியாயமான முடிவு. ஆனால் அதற்குப் பிறகு பிளஸ் டூ மார்க் ஒன்றே செல்லுபடியாகும் நாணயம் ஆனது. கட்-ஆஃப் அதில்தான், கலந்தாய்வு அதில்தான், கலந்தாய்வு வழியாக வரும் அரசுப் பணமும் அதில்தான்.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் இதை எல்லோருக்கும் முன்னால் புரிந்துகொண்டன. பத்தாம் வகுப்பு முடித்து ஜூனில் வந்து சேர்ந்த பிள்ளையின் கையில் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் கொடுக்கப்பட்டது. பிளஸ் ஒன் பாடம் பேருக்குத்தான். இரண்டு வருடம் ஒரே புத்தகம், காலை ஐந்து மணிக்கு ஸ்டடி, ராத்திரி பத்து மணிக்கு டெஸ்ட். 'பிராய்லர் பள்ளி' என்று ஊர் பெயர் வைத்தது. கணிதத்தில் இருநூற்றுக்கு இருநூறு வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். பெற்றோர்கள் மட்டும் மயங்கவில்லை. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்த ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களை 'சிறந்த' தனியார் பள்ளிகளில் சேர்த்து, அந்தக் கட்டணத்தை அரசே கட்டும் திட்டமும் நடந்தது. தன் பள்ளிக்கூடங்கள் போதாது என்று அரசே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

இதன் விளைவு முதல் செமஸ்டர் கணிதத் தாளில் தெரிந்தது. 'எம் ஒன்' என்று மாணவர்கள் சொல்லும் அந்தத் தாளில் இரட்டைத் தொகையிடல் கணக்கு வரும். நடுவில் ஓரிடத்தில் சைன் ஸ்கொயர் எக்ஸைத் தொகையிட வேண்டியிருக்கும். அதற்கு அதை காஸ் டூ எக்ஸ் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு வரி வேலைதான். ஆனால் அந்த முக்கோணவியல் வாய்பாடும், தொகையிடலின் அரிச்சுவடியும் பிளஸ் ஒன் பாடத்தில் இருந்தவை. பிளஸ் டூவில் இருநூறு வாங்கியவன் அந்த இடத்தில் பேனாவை வைத்துவிடுவான். அவனுக்கு மூளை இல்லாமல் இல்லை, யாரும் அவனுக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டவில்லை. தமிழ்வழியில் படித்து வந்தவனுக்கோ கணக்குக்கு முன்னால் கேள்வியின் ஆங்கிலமே ஒரு தடை. 'எம் ஒன் அரியர்' என்பது விடுதிகளில் குடும்பப் பெயர் போல ஒட்டிக்கொண்டது.

2017-ல் பள்ளிக் கல்வித் துறை பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு கொண்டுவந்தது. இரண்டு வருடங்களுக்கும் தலா 600 மார்க், இரண்டையும் சேர்த்துச் சான்றிதழ். விடுதிப் பள்ளிகள் பதறின. மறுவருடமே, கல்லூரிச் சேர்க்கைக்கு பிளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்று அரசு பின்வாங்கியது. தேர்வு இருந்தது, அதற்கு மதிப்பில்லை. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, தேர்வையும் எடுத்துவிட்டது. மாணவர்களின் மன அழுத்தம் காரணமாகச் சொல்லப்பட்டது. அது உண்மைதான். பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாத பள்ளியை இனி யார், எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்பதும் உண்மையான கேள்விதான்.

பணம் கல்லூரிகளின் குணத்தையே எப்படி மாற்றும் என்பதற்கு இன்னும் துலக்கமான உதாரணம், 2012 செப்டம்பரில் ஆதிதிராவிடர் நலத்துறை வெளியிட்ட அரசாணை எண் 92. சுயநிதிக் கல்லூரிகளில் சேரும் பட்டியலின, பழங்குடி மாணவர்களின் கட்டணத்தைப் போஸ்ட்மெட்ரிக் உதவித்தொகையிலிருந்து முழுமையாகத் தர வழிசெய்த ஆணை அது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கும் கிடைத்தது. அதுவரை காலனிப் பக்கம் எட்டிப் பார்க்காத கல்லூரிகளின் ஏஜென்ட்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். "பைசா கட்ட வேண்டாம்ப்பா, சர்டிபிகேட்டை மட்டும் குடு." எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, அங்கே ஆசிரியர் இருக்கிறாரா என்பதெல்லாம் பேச்சில் வராது. ஆணையின் நோக்கம் உயர்ந்தது. முதல்முறையாகப் பொறியாளரைப் பார்த்த தெருக்கள் எத்தனையோ. ஆனால் காலி இடங்களோடு தத்தளித்த கல்லூரிகளைப் பிழைக்கவைத்ததும் அதே பணம்தான்.

பிறகு மத்திய அரசின் பங்கு இழுபறியானது. தமிழகத்துக்கு வரவேண்டிய பாக்கி ஒரு கட்டத்தில் 1,500 கோடியைத் தாண்டியது. பணம் வரவில்லை என்று சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொண்ட கல்லூரிகள் உண்டு. 2017-ல் நிர்வாக ஒதுக்கீட்டு மாணவர்களுக்குத் தொகை குறைக்கப்பட்டது, 2018-ல் மத்திய அரசின் புதிய விதிகள் அவர்களை விலக்கின. ஏஜென்ட்கள் வந்த வேகத்தில் மறைந்தார்கள். 2020 டிசம்பரில்தான் செலவை 60-க்கு 40 என்று மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்துகொள்ளும் முறை முடிவானது.

மாணவர் கைக்கே போகும் பணம் வேறு விதமாக வேலை செய்கிறது. 1989-ல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், பிற்காலத்தில் பட்டம் பெற்ற பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்குத் தங்கமும் தந்தது. படிப்புக்கான பரிசைக் கல்யாணத்தன்று கொடுப்பது என்பது நம் ஊருக்கே உரிய யோசனை. 2022-23 பட்ஜெட் அதை மாற்றி 698 கோடி ஒதுக்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, கல்லூரியில் சேர்ந்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், அவள் வங்கிக் கணக்கிலேயே. அந்த ஆண்டு செப்டம்பர் 5-ல் 'புதுமைப் பெண்' தொடங்கியது. 2024 ஆகஸ்டில் ஆண்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்' வந்தது. ஆயிரம் ரூபாய் பெரிய தொகையில்லை. மதியச் சாப்பாடு, மொபைல் ரீசார்ஜ், ஜெராக்ஸ் கடை, அவ்வளவுதான். ஆனால் படிப்பில் நீடிக்கும்வரை மாதாமாதம் வருகிறது. சேர்ந்த நாளோடு முடிந்துபோகாத பணம் என்பதே இதன் பலம். வகுப்பில் நடத்தப்படும் பாடத்தை மட்டும் இதனாலும் மாற்ற முடியாது.

அமெரிக்காவின் டென்னசி மாநிலம் வேறொரு வழியைப் பார்த்தது. அங்கும் முன்பெல்லாம் செமஸ்டரின் பதினான்காம் நாள் தலை எண்ணி, அதை வைத்துக் கல்லூரிகளுக்குப் பணம் பிரித்தார்கள். பதினைந்தாம் நாள் மாணவன் நின்றுபோனாலும் கல்லூரிக்கு நஷ்டமில்லை. 2010-ல் சட்டத்தை மாற்றினார்கள். மாணவர்கள் குறிப்பிட்ட அளவு கிரெடிட்களைத் தாண்டினால் பணம், பட்டம் வாங்கினால் பணம், ஏழை மாணவரோ வயதில் மூத்தவரோ தேறினால் 40 சதவீதம் கூடுதல். அடிப்படைக் கணிதம் தெரியாதவர்களை முதலில் தனி வகுப்பில் உட்காரவைக்கும் பழக்கத்தையும் 2015-ல் சமுதாயக் கல்லூரிகள் கைவிட்டன. நேராகக் கல்லூரிக் கணித வகுப்பில் சேர்த்து, கூடவே துணை வகுப்பு வைத்தார்கள். முன்பு அப்படிப்பட்டவர்களில் 100-க்குச் சுமார் 12 பேர் ஒரு வருடத்துக்குள் அந்தக் கணிதத்தைத் தாண்டினார்கள், இப்போது பாதிக்கு மேல். பாஸுக்குப் பணம் என்றால் பாஸ் போட்டுத் தள்ளிவிடமாட்டார்களா என்று சந்தேகம் வருவது இயல்பு. அங்கும் அந்த விவாதம் ஓயவில்லை. ஆனால் மாணவன் தேறுவது கல்லூரியின் வரவு செலவில் ஒரு வரியாக ஏறியது என்பதை மறுக்க முடியாது.

இங்கே துணை வகுப்பு எடுக்கச் சொன்னால் எடுக்கப் போவது யார்? அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் எண்ணிக்கை 170-ஐத் தாண்டிவிட்டது. 2007-08 முதல் அங்கே இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணமே இல்லை. புதுக் கல்லூரித் திறப்பு விழாக்களுக்கும் குறைவில்லை. ஆசிரியர் நியமனம்தான் நொண்டுகிறது. 2019-ல் 2,300-க்கும் மேற்பட்ட உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு வந்த அறிவிப்பு ஆள் எடுக்காமலே கைவிடப்பட்டது. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு அறிவித்து, தேர்வைத் தள்ளிவைத்தார்கள். இடைவெளியை ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் நிரப்புகிறார்கள். பலர் முனைவர் பட்டமும் நெட், செட் தேர்ச்சியும் உள்ளவர்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் வகுப்புக்கு 1,500, மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய் என்றது. தமிழ்நாட்டில் அவர்கள் பெறுவது 25,000, அதுவும் வருடத்துக்குப் பதினொரு மாதம். மே மாதத்துக்கு ஊதியம் கிடையாது.

பிளஸ் டூ முடிவு வந்து, விண்ணப்பங்கள் குவிந்து, சேர்க்கை களைகட்டும் மாதமும் அதே மே. ஜூன் கடைசியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ முதலாமாண்டு வகுப்புகள் திறக்கின்றன. புதியவர்களுக்கு ஆங்கிலமும் அடிப்படைக் கணிதமும் சொல்லித்தர சில கல்லூரிகள் பிரிட்ஜ் கோர்ஸ் வைக்கும் நாட்களும் அவைதான். அந்த வகுப்பை எடுக்கவேண்டிய விரிவுரையாளர்களில் பலர் அப்போது அந்த வருடத்துச் சம்பளத்துக்கான அரசாணை வந்துவிட்டதா என்று துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

(தொடரும்)

அடுத்த வாரம்: 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது ஏன்?