இயற்கை வரலாற்றுத் தொகுப்புகளை எண்மமாக்கல்

இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படும் தாவர, விலங்கு, புதைபடிவ மாதிரிகளைப் படமெடுத்து, அவற்றைப் பற்றிய தகவல்களைத் தரவுத்தளத்தில் பதிந்து, எவரும் இணையத்தில் பயன்படுத்தும்படி வெளியிடுவது தொகுப்பு எண்மமாக்கல் எனப்படும். இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மட்டும் சுமார் 8 கோடி மாதிரிகள் உள்ளன. பார்வையாளர்கள் காண்பது இவற்றில் மிகச் சிறு பகுதியே. எஞ்சியவை இழுப்பறைகளிலும் எரிசாராயக் குடுவைகளிலும் இருக்கின்றன.

சீட்டும் தரவும்

ஒரு மாதிரியின் மதிப்பில் பாதி அதனுடன் இருக்கும் சிறு சீட்டில்தான் உள்ளது. எங்கே, எப்போது, யாரால் சேகரிக்கப்பட்டது என்ற குறிப்பு இல்லையென்றால் அது வெறும் உலர்ந்த பூச்சி. எண்மமாக்கலில் பெரும் உழைப்பும் இந்தச் சீட்டைப் படிப்பதற்கே செல்கிறது. தாளில் ஒட்டப்பட்ட உலர்தாவரங்களை விரைவாகப் படமெடுக்கலாம். பாரிசு உலர்தாவரகம் இவ்வாறு 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட தாள்களைப் படமாக்கியுள்ளது. பூச்சிகளின் நிலை வேறு. சீட்டு பூச்சிக்கு அடியில், அதே ஊசியில் குத்தப்பட்டிருக்கும். அதைக் கழற்றும்போது காலோ உணர்கொம்போ ஒடிந்துவிடலாம். எனவே பல கோணங்களில் ஒரே நேரத்தில் படமெடுத்து, சீட்டைக் கழற்றாமலே எழுத்தைப் படிக்கும் முறை இலண்டனில் உருவாக்கப்பட்டது.

எழுத்தைப் படித்த பின்னும் சிக்கல் தீர்வதில்லை. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர் இராபர்ட் வைட் 19ஆம் நூற்றாண்டில் சேகரித்த தாவரங்கள் பல கியூவிலும் எடின்பரோவிலும் உள்ளன. அவற்றில் பலவற்றின் அச்சிட்ட சீட்டில் ஊர்ப்பெயர் இல்லை. இந்தியத் தீபகற்பம் என்ற பொதுக் குறிப்பு மட்டுமே உண்டு. ஆயினும் முன்பு கப்பலேறிச் சென்றே காண வேண்டியிருந்த இத்தாள்களின் படங்களை இன்று தமிழ்நாட்டு மாணவர் வீட்டிலிருந்தே பெரிதாக்கிப் பார்க்கலாம்.

வெவ்வேறு நிறுவனங்களின் தரவை ஒன்றிணைக்க ‘டார்வின் கோர்’ என்னும் பொதுத் தரம் பயன்படுகிறது. 2001இல் தொடங்கப்பட்டு, கோபனேகனில் செயலகத்தைக் கொண்டுள்ள உலகளாவிய பல்லுயிர்த் தகவல் வசதி இத்தரவைத் திரட்டி இலவசமாக வழங்குகிறது.

பயன்

சேகரித்தவர் எண்ணியே பாராத கேள்விகளுக்கும் பழைய மாதிரிகள் விடை தரும். பிரித்தானியப் பறவையியலாளர் டெரெக் இராட்கிளிஃப், சேகரித்து வைக்கப்பட்ட பொரி வல்லூறு முட்டைகளை அளந்து, அவற்றின் ஓடு 1940களின் பிற்பகுதியிலிருந்து மெலிந்துவந்ததை 1967இல் காட்டினார். டி.டி.டி. பூச்சிக்கொல்லியே காரணம் என்பது பின்னர் உறுதியானது. அவர் முட்டைத் தொகுப்புகளைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது.

இழப்பும் வரம்பும்

2018 செப்டம்பர் 2 அன்று இரியோ டி செனீரோவிலுள்ள பிரேசில் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. அங்கிருந்த சுமார் 2 கோடிப் பொருள்களில் பெரும்பகுதி அழிந்தது. பூச்சித் தொகுப்பும் அதில் போயிற்று. வேறு கட்டிடத்தில் இருந்த உலர்தாவரகம் தப்பியது. எரிந்தவற்றில் முன்பே படமெடுக்கப்பட்டவற்றுக்குப் படமாவது எஞ்சியது. ஆனால் படத்திலிருந்து டி.என்.ஏ. எடுக்க முடியாது, மூலப்பொருளைக் காப்பதற்கு எண்மமாக்கல் மாற்றாகாது.

எல்லாத் தகவலும் முழுமையாக வெளியிடப்படுவதும் இல்லை. அரிய ஆர்க்கிட்டு போன்றவை வளரும் இடம் துல்லியமாகத் தெரிந்தால் திருடர்களுக்கு அது வழிகாட்டியாகிவிடும். எனவே அத்தகைய இனங்களுக்கு மாவட்ட அளவிலான இடத்தை மட்டும் காட்டி, சரியான ஆயத்தொலைவுகளை ஆய்வாளர் கேட்டுப் பெறும்படி நிறுவனங்கள் வைத்துக்கொள்வதுண்டு.